பச்சைக் கட்டம் நின்ற முகம்

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் ஏணியில் ஏறாதே என்கிறது. எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறாமல் என்ன செய்வார்? ஏறுகிறார், இறங்கி வந்து முனகுகிறார். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அந்தக் கனத்த கேமராவை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு அலைந்தால் கழுத்துதான் பாவம்.

தம்பி போட்ட சட்டத்தை நான் மீறவில்லை, கவனி. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குக் குரல் ஏறிவிடுகிறது, பிறகு நாலு மாதம் பேச்சு கிடையாது, நடுவில் அவன் கிடந்து அல்லாடுகிறான். "ரெண்டு பேரும் இனிமே லெட்டர் எழுதுங்க. தபால்பெட்டி வரைக்கும் நடந்து போறதுக்குள்ள பாதி கோவம் ஆறிடும்" என்றான். தபால்பெட்டி எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது என்பதை அவன் யோசிக்கவில்லை.

நீ போன கடிதத்தில் வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். மணப்பெண் மாடிப்படி இறங்கி வருகிறாள், இமை முடியை எண்ணலாம். எண்ணினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் உன் வேலை என்ன என்று கேட்கத் தோன்றியது. கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்து அதன்மேல் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது, நீ பட்டனை அமுக்குகிறாய். நான் இன்னும் லென்ஸின் வளையத்தைக் கையால்தான் திருப்புகிறேன். ஏழு அடிக்கு நேராக வளையத்தின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறேன், விரல் தடவினாலே தெரியும். முதல் நாளே மண்டபத்துக்குப் போய்த் தரைக்கல்லை எண்ணிவிட்டு வருவேன். ஒரு கல் இரண்டடி. மாப்பிள்ளை எந்தக் கல்லில் நிற்கிறான் என்று பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். நம் தம்பிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் பல் டாக்டர், உன் ஊரில்தான் வேலை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மண்டபம் இங்கே. நான் இன்னும் போய்க் கல் எண்ணவில்லை, அடுத்த வாரம் போகிறேன். அவன் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தவள் நான். இதையும் எடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். கழுத்து வலி இருக்கிறது, மூன்றாவது மாடி அறைக்கு ஏறி வரும்போது முழங்காலும் சேர்ந்துகொள்கிறது. அத்தானிடம் சொல், எங்கள் இருவருக்கும் ஒரே நோய்.

தம்பி கல்யாணச் செய்தி தெரியும், அவனே சொன்னான். ரொம்ப சந்தோஷம். பெண்ணையும் தெரியும். அவளுடைய சிநேகிதி கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். நல்ல பெண், வாயைத் திறந்தால் மட்டும் பல்லைப் பார்த்துவிடுவாள்.

நீ அனுப்பிய படம் என் மேஜைமேல் இருக்கிறது. அந்தக் கிழவர் கைதட்டுகிற படம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருக்கிறபோது எப்படி எடுத்தாய்? என் கேமரா ஒரு வினாடிக்கு இருபது படம் எடுக்கும், அதில் ஒன்றுகூட இப்படி வரவில்லை. ஆனால் குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமே, சொல்கிறேன். அவர் கை தெளிவாக இருக்கிறது, கண் அவுட், மங்கிக் கிடக்கிறது. நீ வேண்டுமென்றே செய்தாயா, தவறிவிட்டதா என்று தெரியவில்லை. அக்கா, கோபித்துக்கொள்ளாதே, கண் டாக்டரிடம் கடைசியாக எப்போது போனாய்?

அந்த மண்டபத்தில் மேடைக்கு மேலே என்ன விளக்கு? ஊதா விளக்கு போடுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 6

தங்கைக்கு,

நலம். நலமாக இருக்க வேண்டியதுதான், வேறு என்ன வழி.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கண் டாக்டர் எழுதியது. இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னது நான்தான், உனக்குத் தெரிய வேண்டும் என்று.

நீ "சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதியதை அன்றைக்கு நம்பிவிட்டேன். மண்டபத்துக்குப் போய்க் கல்லெல்லாம் எண்ணிவிட்டு, மேடைக்குப் பதினான்கு கல் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தம்பி உட்கார்ந்திருக்கிறான். டீயை ஊற்றிக் கையில் கொடுக்கிறேன், குடிக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். "பெரியக்கா, அவளுக்குச் சின்னக்கா எடுத்தா நல்லா இருக்கும்னு ஆசை. நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றான். எப்போது சொன்னாய் என்று கேட்டேன். "புது வருஷத்துக்கு முன்னாடியே" என்றான்.

அப்படியானால் நான் கல் எண்ணப் போகிறேன் என்று எழுதியபோதே உனக்குத் தெரியும். தெரிந்தும் கிழவர் கையைப் பாராட்டி அரைப் பக்கம் எழுதினாய். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம், அதுவும் இல்லை.

பொறாமை என்று நினைத்துக்கொள். பொறாமைதான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை துவட்டிவிட்டவள் நான். அவனுடைய முதல் பல் விழுந்ததை எடுத்தேன், முதல் சம்பளக் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை எடுத்தேன். கல்யாணத்துக்கு மட்டும் நீ.

படம் எதுவும் வைக்கவில்லை.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

கண் டாக்டர் சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நான் கேட்டது தப்பு.

சொல்லாமல் இருந்ததும் தப்புதான். சொல்லத் தைரியம் வரவில்லை. அவளாக வந்து கேட்டாள் அக்கா. சிநேகிதியின் ஆல்பத்தைப் பார்த்திருக்கிறாள். "எல்லா போட்டோலயும் எல்லாரும் உயிரோட இருக்காங்க, எனக்கும் அப்படி வேணும்" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத்தான் தெரியும், நீயும் இதே தொழிலில் இருக்கிறவள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருஷம் உனக்கு லைட் பிடித்தேன். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். என்னை "அந்த லைட் பொண்ணு" என்றார்கள். ஒருத்தியாவது என் பெயரைச் சொல்லிக் கேட்டு வரும்போது விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?

ஒரு யோசனை. இரண்டு பேரும் எடுக்கலாம். நீ மேடையைப் பார்த்துக்கொள், நான் மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன். அல்லது நீ சொல்கிறபடி.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலமறிய ஆவல்.

உன் யோசனையைத் தம்பியிடம் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அய்யோ பெரியக்கா, நீங்க ரெண்டு பேரும் கேமராவோட ஒரே மேடையில நின்னா கல்யாணத்தை யாரும் பாக்க மாட்டாங்க, உங்களைத்தான் பாப்பாங்க. நீ அக்காவா வா. மோதிரப் பெட்டியைப் புடிச்சுக்கிட்டு எனக்குப் பின்னாடி நில்லு, அது போதும்" என்றான். உன் அத்தான் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆக, நான் பெட்டி பிடிக்கிறவள். நீ முன்பு லைட் பிடித்தாய், நான் இப்போது பெட்டி பிடிக்கிறேன். கணக்கு சரியாகிவிட்டது என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் படம் எதையாவது யாராவது பாராட்டினால் எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் ஒரு மணப்பெண்ணின் அம்மா வந்து மொபைலில் உன் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி உங்களால முடியுமா?" என்று கேட்டாள். என் தங்கை எடுத்தது என்று சொன்னால் பெருமையாக இருந்திருக்கும். சொல்லவில்லை. முடியும் என்று மட்டும் சொன்னேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், மேடைக்கு மேலே ஊதா விளக்குதான். புகையும் விடுவார்கள். உன் ஆட்டோ ஃபோகஸ் அந்த வெளிச்சத்தில் யார் கண்ணைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தடுமாறும். அப்போது கையால் திருப்பிக்கொள். திருப்ப மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்தேன். கோபம் இல்லை, அதை மட்டும் நம்பு.

ஊதா விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கு போட மண்டபக்காரரிடம் பேசிவிட்டேன். புகையும் கிடையாது. என் லென்ஸ் தடுமாறாது, நீ கவலைப்படாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ கேமரா கொண்டு வராதே அக்கா. நீ எங்கேயாவது ஒரு மூலையில் லென்ஸைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு ஒரு படமும் ஒழுங்காக வராது. ஏன் என்று கேட்காதே.

எட்டாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அத்தான் சொன்னார். கல்யாணக் களைப்பு எங்களுக்கு இப்போதுதான் தீர்ந்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. தம்பி துணிமணியை எடுத்துக்கொண்டு உன் ஊருக்கே போய்விட்டான், அவளுக்கு அங்கேதானே வேலை. அவனும் உன் பக்கம் வந்துவிட்டான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி நினைக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நீ அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தாய். ஓடவில்லை, யாரையும் இடிக்கவில்லை. மோதிரம் மாற்றும்போது மேடைக்குக் கீழே மண்டி போட்டு உட்கார்ந்தாய், சரியான இடம். நானாக இருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். மொத்தம் எத்தனை தடவை கேமரா கிளிக் ஆனது என்றுகூட எண்ண முடியவில்லை, பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாய்.

நீ சொன்னபடி நான் கேமராவைத் தொடவில்லை.

இப்போது படங்களை அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரியிலிருந்து என் ஸ்டுடியோவில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்வரை எல்லாரும் கேட்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுவாயே, உன் கேமரா எல்லாவற்றையும் சரியாகத்தானே எடுக்கும்.

அன்புடன்,
அக்கா


மே 19

தங்கைக்கு,

நலமா? இது இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கே பதில் இல்லை.

கல்யாணம் முடிந்து நாற்பது நாள் ஆகிறது. தம்பியைக் கேட்டால், "வரும் பெரியக்கா, சின்னக்கா வேலையா இருக்காங்க" என்கிறான். அவன் குரலே சரியில்லை. எல்லாருக்கும் காட்டிவிட்டு எனக்கு மட்டும் கடைசியில் காட்டலாம் என்று இருக்கிறாயா? இல்லை, ஏதாவது போட்டிக்கு அனுப்பிவிட்டாயா? பரிசு வந்த பிறகு செய்தித்தாளில் பார்த்துத்தான் என் தம்பி கல்யாணம் எப்படி நடந்தது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நான் இப்படியெல்லாம் யோசிக்கிறேன் என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். சிரி, ஆனால் படத்தை அனுப்பு. ஒரே ஒரு படம் போதும். மோதிரம் மாற்றுகிற படம்.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேறு விஷயம். அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

மோதிரம் மாற்றுகிற படம் இல்லை. ஆயிரத்துக்குமேல் எடுத்தேன், அத்தனையிலும் தம்பியும் அவளும் அவுட். மற்ற படங்கள் எல்லாம் சரி. ஊர்வலம், சாப்பாடு, கையெழுத்துப் போட்டது, எல்லாரும் ஒரே வரிசையில் சேர்ந்து நின்றது, எதிலும் குறை இல்லை. அந்த இரண்டு நிமிஷம் மட்டும் போய்விட்டது.

எப்படி என்று கேட்பாய். அத்தனை படத்திலும் ஒரு முகம் மட்டும் இமை முடிவரை தெளிவாக இருக்கிறது. அது உன் முகம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இருவருக்கும் நடுவில், இரண்டடி பின்னால் நின்றாயே, அந்த முகம்.

இந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. யாராவது ஒருவருடைய முகத்தைப் பதிந்து வைத்தால், எத்தனை பேர் நின்றாலும் பச்சைக் கட்டம் அவரிடம்தான் முதலில் போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதை வாங்கியபோது உன் முகத்தைத்தான் முதலில் பதிந்தேன். ஞாபகம் இருக்கிறதா, நாம் கடைசியாகச் சேர்ந்து ஒரு கல்யாணம் எடுத்தோம். அதில் நான் மணமக்களைவிட உன்னைத்தான் அதிகம் எடுத்தேன். நீ எந்தக் கல்லில் நிற்கிறாய், எப்போது ஒரு அடி பின்னால் வைக்கிறாய், வளையத்தில் உன் விரல் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன்னை அப்படியே உரித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஆசை. நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைத்தாயா?

பிறகு ஊர் மாறினேன். நீ என் கேமராவுக்கு முன்னால் வரவே இல்லை. பதிந்ததையே மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்து நின்றாய்.

கட்டம் தப்பான முகத்தில் நிற்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் கண் நிறையத் தண்ணீர். நம் தம்பி மோதிரம் போடுகிறான், என்னால் பார்க்க முடியவில்லை. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நீயாக இருந்தால் கண் நிறைந்த உடனே எடுப்பதை நிறுத்தியிருப்பாய். கையால் திருப்புகிறவளுக்குக் கண் தெரியாமல் எடுக்க வழியே இல்லை.

தம்பியிடம் போன மாதமே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நீ அன்றைக்குக் கேமராவைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். அது உண்மையாக இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஏதாவது இருக்கிறதா அக்கா?

அந்தப் படங்களில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை


ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ முதலில் அழுவதை நிறுத்து. அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அவர் எழுந்து போய், கழற்றிப் போட்டிருந்த மின்விசிறியை மறுபடியும் மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் பொய் சொன்னேன். கைப்பையில் கேமரா இருந்தது. மேடைக்குப் போகும் முன்பும் இறங்கி வந்த பிறகும் என் நாற்காலியிலிருந்தே எடுத்தேன். மொத்தம் முப்பத்தொரு படம். ஒன்றுகூட ஃபோகஸ் நழுவவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் ஒவ்வொன்றாகத் திறந்தேன், எதிலாவது தம்பி இருக்க மாட்டானா என்று.

எல்லாம் நீதான். நீ லென்ஸைத் துடைப்பது, நீ பேட்டரி மாற்றுவது, நீ கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குவது. நீ எங்கேயாவது தப்பு பண்ணுவாய், அதை எடுத்து வைத்துக்கொண்டு உனக்கே அனுப்ப வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஒன்றில் நீ முழங்கையால் கண்ணைத் துடைக்கிறாய். தூசி என்று நினைத்தேன். அதற்காக அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷப்படவும் செய்தேன், இவளுக்கு ஒன்றிரண்டு படம் போச்சு என்று. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய், நான் மறைத்தால் நியாயம் இல்லை.

நீ வைத்திருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல படம், அதில் குறை இல்லை. முகத்தில் எல்லாம் தெரிகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கண் தம்பியின்மேல் இல்லை, அவளுடைய கையின்மேலும் இல்லை. நேராக உன் லென்ஸைப் பார்க்கிறது. இந்த ஒன்றில் மட்டும்தான் அப்படியா என்று உனக்கு எழுதிக் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்க வேண்டிய அவசியம் இல்லை, எனக்கே தெரியும். அந்த இரண்டு நிமிஷமும் உன் கை எந்தப் பட்டனுக்குப் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விரலில் மோதிரம் ஏறியதை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது, ஒரு கல்.

அவனுடைய மாமனார் மொபைலில் எடுத்ததை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் போடப் போகிறார்களாம், தம்பி சொன்னான். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். முதலில் எனக்கு அவர்மேல்கூட எரிந்தது. பிறகு எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். படம் சாய்ந்திருக்கிறது, பாதிக்குமேல் தூண், மூலையில் அவருடைய கட்டைவிரல். நடுவில் தம்பி நிற்கிறான். மோதிரம் பாதி விரலில் இருக்கிறது. அவன் அழுகிறான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னத்தில் இரண்டு கோடு இறங்க, நேராக அந்த மொபைலைப் பார்த்து அழுகிறான்.

அவன் அழுதது உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கும் தெரியாது. அத்தனை படத்திலும் அவன் முகம் அவுட்டாக இருப்பதால் கன்னத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். தம்பி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தான், நானும் உட்கார்ந்து மடித்தேன். மாமனார் எடுத்த படம் அலமாரியில் சாய்த்து வைத்திருந்தது. ஏன்டா அழுதே என்று கேட்டேன்.

"அம்மா ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதான்" என்றான்.

பெரியக்காவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, எங்களுக்கு இப்போதுதான் தெரியும் என்றேன்.

"தெரியும் சின்னக்கா" என்றான். "அந்த நேரத்துல முதல்ல திரும்பிப் பெரியக்காவைத்தான் பார்த்தேன். அக்கா உன்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. சரி, நீயாவது பாப்பேன்னு உன் பக்கம் திரும்பினேன். உன் கேமரா அக்கா பக்கம் திரும்பி இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலையா இருந்தீங்க. கீழ மாமா மட்டும்தான் என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அதனால அவரைப் பார்த்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. சொல்லிவிட்டு, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தங்கை